க் போட்டுச் சொல்லணும்

மடக்கியிருக்கேன். இப்பத் தொடுங்க அண்ணாச்சி. சும்மா தொடுங்க, கடிக்காது. அமுக்கிப் பாருங்க. அமுங்குதா? அமுங்காது. உங்க விரல்தான் வலிக்கும். இந்தா, விட்டுட்டேன். இப்பத் தொடுங்க. பாத்தியளா, எளகிட்டு. நான் இறுகுன்னா இறுகும், எளகுன்னா எளகும். இதுக்குப் பேரு இயக்கு தசை. க் போட்டுச் சொல்லணும். இயக்கு. ங் போட்டு இயங்குன்னு சொல்லிட்டா அது வேற சாமான். அந்த ஒரு எழுத்துல என் மானமே போச்சு, அது பொறவு சொல்லுதேன்.

அந்தச் சன்னலை அடைச்சிருங்க. சாரல் உள்ள வருது. ஆலங்குளம் வரைக்கும் இப்படித்தான் இருக்கும். எனக்கு ஒண்ணும் செய்யாது, நான் எந்தக் குளிர்லயும் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டுத்தான் அலைவேன். உங்களுக்காகச் சொல்லுதேன்.

முன்னால பாருங்க, டிரைவருக்குப் பின் சீட்டு. பச்சைச் சேலை. மடியில புத்தகம். அதுதான் என் வீட்டுக்காரி, அஜிதா. அவ காலடியில இருக்கிற டிரங்குப் பெட்டி, பக்கெட்டு, எல்லாம் எங்களுதுதான். திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரியில நர்சு படிப்புக்கு எடம் கிடைச்சிருக்கு. அங்கேயே ஹாஸ்டல்ல தங்கணும். கல்யாணம் ஆன பிள்ளைன்னா புருசன் நேர்ல வந்து, எனக்குச் சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம். அதுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன்.

சொல்லுவேனா மாட்டேனான்னு இன்னும் முடிவு பண்ணல. அவளுக்குத் தெரியாது. உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க இறங்கி உங்க சோலியைப் பாத்துப் போயிருவிய. அவ தலகாணியை வேணும்னே வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். கேட்டா மறந்துட்டேன்னு சொல்லிக்கிடலாம். சாயந்தரம் திரும்பி வரப்போறவளுக்கு எதுக்குத் தலகாணி?

பொறாமைன்னு நினைச்சிராதிய. நான் ஆணழகன் பட்டம் வாங்கினவன். மேடையில நின்னா மூணு ஜில்லாக்காரனும் என்னைப் பாத்துப் பொறாமைப்படுவானுங்க. நான் யாரைப் பாத்துப் படணும்? அதுவும் அந்த சுகிர்தராஜ் சாரைப் பாத்து! நீங்க அவரைப் பாத்ததில்ல. கொடியில காயப்போட்ட சட்டையை அப்படியே நடக்கவிட்ட மாதிரி இருப்பாரு. சைக்கிளுக்குக் காத்தடிச்சா ரெண்டு தடவை உக்காந்து மூச்சு வாங்குவாரு.

தென்காசியில ரதவீதிக்கு அடுத்த தெருவுல நம்ம கட்டடம். கட்டடம் நம்மளது இல்ல, வாடகைதான். கீழ சுயம்பு ஜிம். நான்தான் சுயம்புலிங்கம், ஊர்ல மாஸ்டர்னாத்தான் தெரியும். மேல டுட்டோரியல். அங்கதான் சுகிர்தராஜ் சார் உயிரியல் நடத்துவாரு. அஜிதா கல்யாணத்தோட படிப்பை விட்டவ. நமக்குப் பிள்ளை இல்ல. டாக்டர் ஏதோ சொன்னாரு, நான் போட்டிக்கு உடம்பு ஏத்தப் போட்டுக்கிட்ட ஊசியால இருக்கும்னு. டாக்டர்மாருக்கு உடம்பு வச்சவனைக் கண்டாலே ஆகாது, அதை விடுங்க. வீட்டுல சும்மா இருக்காளே, பிளஸ் டூ எழுதட்டும்னு நான்தான் சேத்துவிட்டேன். ஆமா, நான்தான். எனக்கு மேலதானே இருக்கப்போறா, கண்காணிப்புல இருப்பான்னு.

ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துது. சொன்னா நம்பமாட்டிய, எலும்புத் தசை பாடம் நடந்த சமயம் எங்க வீடு கல்யாண வீடு மாதிரி இருந்துது. அவ புத்தகத்தைப் பாக்கமாட்டா, என்னைப் பாத்துத்தான் படிப்பா. சட்டையைக் கழட்டிட்டு நிக்கணும். பேனாவை வச்சு என் தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் கோடு போடுவா. "இந்தத் தசை இங்க எலும்புல ஒட்டியிருக்கு, இது மடக்கும், பின்னால இருக்கிறது நீட்டும். ஒண்ணு இழுத்தா ஒண்ணு விட்டுக்கொடுக்கும். ஏங்க, அசையாம நில்லுங்க"ன்னு சொல்லுவா. மைக்ராஸ்கோப்புல பாத்தா குறுக்குக் குறுக்கா வரி தெரியுமாம், அதனால வரித்தசைன்னும் ஒரு பேரு. அந்த வரியையும் வரைஞ்சு விட்டா. மறுநாள் ஜிம்முல பசங்க, "என்ன மாஸ்டர், கையில கோலம்?"னு கேட்டானுங்க. நான் அழிக்கவே இல்ல. வேர்வையில அதுவாப் போற வரைக்கும் விட்டுட்டேன்.

பொறவுதான் மென்தசை பாடம் வந்துது. அங்க பிடிச்சுது சனி.

மென்தசைன்னா என்னன்னு கேளுங்க. ங் போட்ட இயங்கு தசை அதுதான். வரி கிடையாது. ரெண்டு முனையும் கூரா, கதிர் மாதிரி இருக்குமாம். உணவுக்குழாய், இரைப்பை, குடல், ரத்தக்குழாய், மூத்திரப்பை, கர்ப்பப்பை. கர்ப்பப்பைன்னு அந்த ஆளு மாடியில சத்தமாச் சொல்லுதாரு அண்ணாச்சி, பொம்பளைப் பிள்ளைங்க இருக்கிற இடத்துல. கீழ பெஞ்சுல படுத்து வெயிட் தூக்கிக்கிட்டு இருந்தவன் சிரிச்சிட்டான், நான் பிடிக்கலைன்னா கம்பி நெஞ்சுல விழுந்திருக்கும். இதெல்லாம் உள்ள கிடக்கிற தசை. சட்டையைக் கழட்டினா தெரியுமா? தெரியாது. மேடையில நின்னு காட்ட முடியுமா? முடியாது. அன்னைக்கு நான் வழக்கம்போலச் சட்டையைக் கழட்டிட்டு நின்னேன். அவ புத்தகத்துல இருந்து தலையைத் தூக்கிப் பாத்துட்டு, "இது உங்ககிட்ட பாக்கமுடியாதுங்க, போட்டுக்கிடுங்க, சளி பிடிக்கும்"னா.

சளி பிடிக்குமாம். எனக்கு.

சாருக்குத் தொண்டை பெருசு. மாடிப்படி வழியா ஒரு வார்த்தை விடாமக் கீழ வரும். "இயக்கு தசை நீங்க வச்சிருக்கிற வேலைக்காரன். சொன்னாச் செய்வான், அசந்தும் போவான். இயங்கு தசை வீட்டுச் சொந்தக்காரன். உங்ககிட்ட ஒண்ணும் கேக்கமாட்டான். நீங்க தூங்கினாலும் அவன் வேலை நடக்கும்." இப்படியே பேசுவாரு. நம்ம பசங்க வெயிட்டைக் கையில வச்சுக்கிட்டே அண்ணாந்து நிப்பானுங்க. நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்சேன். மேல இருந்து ஒரு பிள்ளை இறங்கி வந்து, "மாஸ்டர், அஜிதாக்கா கொஞ்சம் குறைக்கச் சொன்னாவ"ன்னு சொல்லிட்டுப் போச்சு. சார் சொன்னாருன்னா குறைச்சிருக்கமாட்டேன். இவ சொல்லி அனுப்புதா.

ஒரு நாள் மழை. குடையைக் கொடுக்கலாம்னு மேல போனேன். வாசல்ல நிக்கேன், யாரும் கவனிக்கல. இதயத்தசை நடக்குது. அது ஒரு தனி ரகமாம். பாத்தா என் கையில இருக்கிறது மாதிரி வரி உண்டு, ஆனா சொல்பேச்சுக் கேக்காது. கிளை விட்டு, ஒண்ணோட ஒண்ணு கைகோத்து நிக்குமாம், ஒண்ணு துடிச்சா எல்லாம் சேந்து துடிக்குமாம். "தவளையோட இதயத்தை வெளிய எடுத்து உப்புக்கரைசல்ல வச்சாலும் கொஞ்ச நேரம் அதுபாட்டுக்குத் துடிக்கும்"னாரு. "மூளை இல்ல, நரம்பு இல்ல, யாரும் சொல்லல. இருந்தும் துடிக்கும். ஏன்னா அதுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

நான் அஜிதாவைப் பாத்தேன். முதல் பெஞ்சு. முழங்கையை ஊனி உக்காந்திருக்கா. அவ கையில மயிரெல்லாம் எந்திரிச்சு நிக்குது. என் கண்ணால பாத்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "என்னட்டி, கிளாஸ்ல குளிரா இருந்துதா?"

"இல்லையே. ஏன்?"

"கையெல்லாம் ஒரு மாதிரி இருந்துதே."

சிரிச்சா. மறைக்கக்கூட இல்ல. "அதுவா? அந்தத் தவளை இதயம் சொன்னதும் எனக்குப் புல்லரிச்சுட்டுங்க. ஒவ்வொரு மயிருக்கும் கீழ ஒரு குட்டித் தசை இருக்கு தெரியுமா? அதுவும் மென்தசைதான், இயங்கு தசை. நான் ஒண்ணும் பண்ணல. அதுவா எந்திரிச்சுது."

நான் ஒண்ணும் பண்ணலையாம். அதுவா எந்திரிச்சுதாம். யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி. ஒருத்தி வேணும்னு ஒருத்தனைப் பாத்துச் சிரிச்சான்னா, கையைப் பிடிச்சு நிறுத்தி ஏன்னு கேக்கலாம். அடக்கலாம், மாத்தலாம். அவளைக் கேக்காம அவ உடம்பு ஒரு காரியம் பண்ணிச்சுன்னா, யாரைப் போய்க் கேக்கதுக்கு? எட்டு வருசமா இந்தக் கையைப் பாக்கா. அவளுக்கு ஒரு தடவை மயிர் எந்திரிச்சது கிடையாது. நான் பாத்த வரைக்கும்.

அதுக்கப்புறம் பாடத்தை நானும் கவனமாக் கேட்டேன். கண்ணுல கறுப்பு இருக்குல்லா, நடுவுல, அது விரியறதும் சுருங்குறதும் மென்தசை வேலையாம். பிடிச்சதைப் பாத்தா விரியுமாம். அது போதாதா? அன்னைக்குச் சாயந்தரம் கரண்டு போச்சு. டார்ச்சை எடுத்துட்டு வந்து, "அஜிதா, என்னையே பாரு"ன்னேன். பாத்தா. கண்ணுல அடிச்சேன். சுருங்குது! மறுபடி அடிச்சேன். மறுபடியும் சுருங்குது! என்னைப் பாக்குற நேரமெல்லாம் சுருங்குது அண்ணாச்சி. கடுகு மாதிரி ஆயிட்டு.

"வெளிச்சம் பட்டா சுருங்கத்தாங்க செய்யும்"னா. அவளுக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்கும். படிச்சவல்லா.

சரி, படிச்சதைத்தானே மதிக்கா, நமக்கும் தெரியும்னு காட்டுவோம்னு நினைச்சேன். ஜிம்முக்குப் புது ஃபிளெக்ஸ் அடிச்சேன். மாடிப்படிக்கு நேர் மேல, டுட்டோரியலுக்குப் போற ஒவ்வொருத்தரும் பாக்குத மாதிரி. ஒரு பக்கம் நான், கையை மடக்கிக்கிட்டு. மறுபக்கம் பெரிய எழுத்துல, 'உங்கள் இயங்கு தசைகளை எங்களிடம் ஒப்படையுங்கள்!'

சிரிக்காதிய. அது ஃபிளெக்ஸ்காரன் தப்பு. நான் க் தான் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் இழுத்துச் சொல்லியிருப்பேன், அவனுக்கு ங் மாதிரி கேட்டிருக்கு.

காலையில டுட்டோரியல் பிள்ளைங்க படியில நின்னு ஏறவே மாட்டேங்குதுங்க. ஒருத்தன் உள்ள தலையை நீட்டி, "மாஸ்டர், எங்க தாத்தாவுக்கு மூத்திரப்பை வீக்கா இருக்கு, சேத்துக்கிடுவியளா?"ன்னான். இன்னொருத்தி, "எனக்குக் குடல்ல சிக்ஸ் பேக் வேணும் மாஸ்டர்." நம்ம பசங்களுக்கு விசயம் புரியறதுக்கே மத்தியானம் ஆச்சு. புரிஞ்சதும் அவனுங்க அதைவிடச் சிரிச்சானுங்க. என்கிட்ட உடம்பு வாங்கினவனுங்க.

மறுநாள் போறேன், எழுத்து சரியா இருக்கு. இயக்கு. கிட்டப் போய்ப் பாத்தா, ஒட்டு. போன வருச ஃபிளெக்ஸை நாங்க பைக் மேல மூடப் போட்டிருந்தோம். அதுல 'உடற்பயிற்சிக் கூடம்'னு இருந்துதுல்லா, அந்த க்-கை அளவா வெட்டி எடுத்து ங் மேல அஜிதா ஒட்டியிருக்கா. ஸ்டூல் போட்டு ஏறியிருக்கா, விடியும்போதே. முழங்காலைச் சிராய்ச்சுக்கிட்டு வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி தோசை சுட்டா. எதுக்கு? சார் கண்ணுல படுறதுக்குள்ள மறைக்கணும். சார் முன்னால அவளுக்கு மானம் போகுது. வேற எதுக்கு ஒருத்தி அந்நேரத்துல ஸ்டூல் ஏறப்போறா?

பாருங்க, சாரல் நின்னுட்டு. ஆலங்குளம் தாண்டினா வெயில்தான். திறந்துக்கிடுங்க.

அன்னைக்கே அந்த ஆளு கீழ இறங்கி வந்தாரு. சமாதானம் பேச. வாசல்லயே செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வாராரு. ஜிம்முல யாரும் செருப்பைக் கழட்டமாட்டான்.

"மாஸ்டர், பிள்ளைங்க விளையாட்டுத்தனமாப் பேசிட்டாங்க. மனசுல வச்சுக்கிடாதீங்க."

"எனக்கென்ன சார். ஃபிளெக்ஸ்காரன் தப்பு."

"அது சகஜம். நானே போர்டுல மாத்தி எழுதியிருக்கேன். ஒரு உதவி கேக்கணும். எலும்புத் தசையைத் திருப்பிப் பாக்கணும், பரீட்சை வருது. படத்தைக் காட்டினா மண்டையில ஏறமாட்டேங்குது. நீங்க ஒரு அரை மணி நேரம் மேல வந்து காட்டுவீங்களா? என் உடம்புல காட்டுறதுக்கு ஒண்ணும் இல்லையே."

சொல்லிட்டு அவரே சிரிச்சாரு. தன்னைத்தானே கேலி பண்ணிக்கிட்டா அடுத்தவன் கேலி பண்ணமுடியாதுல்லா, அந்தத் தந்திரம். இருந்தாலும் போனேன். எண்ணெய் தேச்சுக்கிட்டுப் போனேன். இன்னைக்குப் பாக்கட்டும்னு.

மேஜை மேல ஏறி நின்னேன். அவரு ஸ்கேலை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாத் தொட்டுக் காட்டுதாரு. தோள், நெஞ்சு, தொடை. நான் ஒவ்வொண்ணா ஆட்டிக் காட்டுதேன். கைதட்டல்னா கைதட்டல். முன்ன சிரிச்ச அதே பிள்ளைங்க. நான் அவங்களைப் பாக்கல. அஜிதா கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு மயிர் எந்திரிக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்கா. காது மட்டும் செவசெவன்னு இருக்கு.

கடைசியில அந்த ஆளு ஒண்ணு பண்ணினாரு. "மாஸ்டர் எல்லாத் தசையையும் ஆட்டினாரு, நிறுத்தினாரு. இப்ப அவரோட இதயத்தை ஒரு நொடி நிறுத்தச் சொல்லுவோமா?" எல்லாரும் சிரிச்சாங்க. "யாராவது வந்து நாடி பிடிச்சுப் பாருங்க. கட்டைவிரலால பிடிக்கக்கூடாது. கட்டைவிரல்லயே ஒரு துடிப்பு உண்டு. உங்க துடிப்பை அடுத்தவங்க துடிப்புன்னு நினைச்சிருவீங்க. ரெண்டு விரல், மணிக்கட்டுல, இப்படி." பிள்ளைங்க எல்லாம் சேந்து அஜிதாவைத் தள்ளிவிட்டாங்க.

வந்தா. ரெண்டு விரலை வச்சா. விரல் ஜில்லுன்னு இருந்துது. அவ உதடு மட்டும் எண்ணுது. பொறவு நிமுந்து என்னைப் பாத்தா. ஒரு மாதிரி பாத்தா. "சார், ரொம்ப வேகமா இருக்கு"ன்னா, மெதுவா.

கிளாஸ் பூரா, ஓ-ன்னு கத்துது. மாடிப்படி ஏறி வந்தேன்லா அண்ணாச்சி, வேகமாத்தான் இருக்கும். மேஜை மேல வேற நின்னேன். "படி ஏறினது"ன்னு சொன்னேன். யாரு காதுல விழுந்துது?

சரி, அவங்க கலையை அவங்ககிட்டயே காட்டுவோம்னு, வீட்டுக்கு வந்ததும் அவ மணிக்கட்டைப் பிடிச்சேன். பிடிச்சுக்கிட்டு முதல்ல 'கத்தரிக்கா'ன்னேன். 'பஸ் ஸ்டாண்டு'ன்னேன். அவ என்னங்க இதுன்னு பாக்கா. பொறவு, சட்டுனு, 'சுகிர்தராஜ் சார்'னேன். துள்ளுச்சு அண்ணாச்சி! திம்திம்னு துள்ளுச்சு, என் விரலை உதைச்சுக்கிட்டு. எப்படிப் பிடிச்சேன்னா கேக்கிய? இப்படித்தான். நல்லாக் கட்டைவிரலை அழுத்தி. பெலமாப் பிடிக்கணும்னா கட்டைவிரல்தானே.

"விரலை மாத்திப் பிடிங்க"ன்னா.

"பேச்சை மாத்தாத"ன்னேன்.

"பேச்சை மாத்தல. விரலை மாத்துங்க. ரெண்டு விரலை வச்சுப் பிடிச்சுப் பாருங்க, ஒரே ஒரு தடவை."

விட்டுட்டேன் கையை. எனக்குத் தெரிஞ்சது தெரிஞ்சுபோச்சு. அவ அப்படியே கையை நீட்டிக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா. பொறவு போய்ப் புத்தகத்தை எடுத்தா.

பாஸ் பண்ணினா. உயிரியல்ல டுட்டோரியலுக்கே முதல் மார்க். நர்சுக்குச் சேரப்போறேன்னா. நாடி பாக்க நொடிமுள்ளு வச்ச வாட்ச் வேணும்னு சார் சொன்னாராம். சார் வாங்கிக்கொடுத்திருவாரோன்னு முந்திக்கிட்டு நானே வாங்கிக்கொடுத்தேன். கட்டியிருக்கா பாருங்க. அதை வச்சு தினமும் காலையில என் நாடியை எண்ணுவா, பழகணுமாம். தினமும் வேகமாத்தான் இருக்கும். நான் பால் குடிச்சதுன்னு சொல்லுவேன், தண்டால் எடுத்ததுன்னு சொல்லுவேன். அவ எண்ணி முடிச்ச பொறவும் கொஞ்ச நேரம் விரலை எடுக்கமாட்டா. எண்ணிக்கை விட்டுப்போயிருக்கும்.

இப்பச் சொல்லுங்க. இவளைக் கொண்டுபோய் ஹாஸ்டல்ல விடலாமா? அங்க எத்தனை டாக்டர்மாரு இருப்பானுங்க. எத்தனை பேரு தவளைக் கதை சொல்லுவானுங்க. தினமும் எத்தனை பேரு மணிக்கட்டைப் பிடிக்கணும். நான் சம்மதம்னு சொல்லலைன்னா, பெட்டியைத் தூக்கிக்கிட்டு அடுத்த பஸ்சுல ஏறிருவோம். ஒரு வார்த்தைதானே. நாக்குகூட இயக்கு தசைதான் அண்ணாச்சி, நான் சொன்னாத்தான் ஆடும்.

பேட்டை வந்துட்டா? அப்ப நெருங்கிட்டோம். என்ன வெக்கை. நீங்க பேப்பரை வச்சு விசிறுதிய, எனக்கும் முதுகெல்லாம் நனைஞ்சுபோச்சு. தென்காசியில இருந்துட்டு இங்க வந்தா அடுப்புக்குள்ள நுழைஞ்ச மாதிரிதான்.

இருங்க, அவ திரும்பிப் பாக்கா.

இங்கதான் பாக்கா. இவ்வளவு தூரத்துலயும் கண்ணு எப்படித் தெரியுது பாருங்க, பூரா கறுப்பா. என்னது, கையைக் காட்டுதா... ரெண்டு விரலை அவ மணிக்கட்டுலயே வச்சுக்கிட்டு. அப்படியே வச்சுக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிக்கா.

மணி என்னன்னு கேக்கா. வேற ஒண்ணும் இல்ல. மணி கேக்கா. அவ கையிலயே வாட்ச் இருக்கு, இருந்தாலும் கேக்கா.

...

அண்ணாச்சி, ஜங்ஷன் பக்கத்துல தலகாணி எங்க நல்லதா கிடைக்கும்? இலவம்பஞ்சு. அவளுக்கு மத்தது ஒத்துக்காது, கழுத்து வலிக்கும்.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, என் கையைப் பாக்காதிய. சட்டைக் கையை இறக்கி விட்டுக்கிடுதேன். இந்தப் பொத்தானைப் போடணும். குளிருது.